தப்பா ஒண்ணும் இல்ல

வீட்டுத் தரகர் மூன்றாவது மாடிக்கு ஏறிப்போய் மணியடித்ததற்கு நான்தான் காரணம் என்று குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். அநியாயம். தரகரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சலூனில் முடி வெட்டிக்கொண்டபோது, பட்டாளத்தார் வீட்டைக் காலி செய்யப்போகிறார் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் முகம் முழுக்க நுரையோடு சாய்ந்திருந்தது தரகர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நுரைக்குள் எல்லா மனிதரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள்.

ஆனால் ஆதாரம் இல்லாமல் நான் எதையும் சொல்கிறவனில்லை. என் தையல் கடை குடியிருப்பின் கீழ்த்தளத்தில், பெரிய கதவுக்கு நேர் எதிரில் இருக்கிறது. காலுக்கு மிதிக்கிற வேலை, கைக்குத் துணியைத் தள்ளுகிற வேலை. கண் மட்டும் சும்மா இருக்குமா? பட்டாளத்தாரின் மடக்கு ஏணி காவல்காரரிடம் போனதைப் பார்த்தேன். சுவரில் துளை போடும் மெஷின் பிளம்பரிடம் போனது. அடிப்பாகம் தேயாத பட்டாளத்து பூட்ஸ் லிஃப்ட் மெக்கானிக்கிடம் போனது; அந்த ஆள் ஒரு அளவு பெரிய பூட்ஸில் டக்டக்கென்று நடந்து ஒரு வாரம் எல்லோரையும் அரளவைத்தார். எனக்கு வந்தது கம்பளிக் கோட்டு. புதுசு மாதிரி. “உங்களுக்கு ஆகும் டெய்லரண்ணே. தோளை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குங்க” என்றார். அதற்கு மறுநாள் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு, தண்ணீர்க் குழாயின் பெரிய வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும், எந்த ஃப்யூஸ் எந்த அறைக்கு என்று மனைவிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மனிதன் சாமானைக் குறைக்கிறான் என்றால் புது வீடு சின்னது என்று அர்த்தம். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? நான் அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பட்டாளத்தார் என்பது நாங்கள் வைத்த பெயர். பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். உடம்பில் ஒரு கீறல் தெரியாமல், ஓய்வு வயதுக்கு ரொம்ப முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். இப்போது டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கிறார். மனைவி பெரிய சாலையிலுள்ள மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இல்லை, ஏன் இல்லை என்று அவர்கள் குடிவந்த வாரமே விசாரித்துவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை அவர் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக்குப் போவார். இடுப்பு வலி என்று மனைவி சொன்னாள். உடனே குடியிருப்பே வைத்தியசாலையாகிவிட்டது. ஒருத்தர் வெந்நீர்ப் பை கொடுத்தார், ஒருத்தர் பலகையில் படுக்கச் சொன்னார், என் மைத்துனனுடைய இடுப்புப் பட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். லிஃப்ட் ஓடாத நாளில் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறுகிறவருக்கு எந்த இடுப்பில் வலி என்று ஒரு சந்தேகம் எனக்கு இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் பட்டையைக் கொடுத்துவைப்பது நல்லதுதானே.

கொஞ்ச நாளாக, மருத்துவமனைக்குப் போகிற நேரத்தில் அவர் கிளம்புவார், ஆனால் போகமாட்டார். டிரைவிங் ஸ்கூல் காரைப் பின்பக்கம், என் கடை ஜன்னலுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்திவிட்டு, காதில் எதையோ மாட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார். பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்தேன். தலை ஆடவில்லை, விரல் தாளம் போடவில்லை. என்ன பாட்டோ என்று நினைத்துக்கொண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைக்கப் போய்விட்டேன்.

தரகர் மணியடித்த மத்தியானம் அவர் மனைவி நேராக என் கடைக்கு வந்தாள். மருந்துக்கடையின் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்ட கேள்வியில் கத்தரிக்கோலே கூர் மழுங்கிவிடும். நான் என் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். ஏணி, துளை மெஷின், பூட்ஸ். சுவரில் மாட்டியிருந்த கம்பளிக் கோட்டை எடுத்தே காட்டினேன். காட்டக் காட்ட அவள் கோபம் இறங்கியது. சமாதானமாகிறாள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, துணி வெட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“நாங்க எங்கயும் போகலண்ணே” என்றாள். மேஜையில் கிடந்த சாக்கட்டியை நகர்த்தி வைத்துவிட்டு, “நான் போகல” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். இடுப்பில் ஒன்றுமில்லை. பட்டாளத்தார் பார்க்கப் போவது மனநல ஆலோசகரை. அவருக்கு நடந்ததை அவர் வாயாலேயே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, அதைப் பதிவு செய்து கொடுத்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்கிற வைத்தியம். நான் பாட்டு என்று நினைத்தது அவருடைய குரல். பயத்தை மறுபடி மறுபடி பார்த்தால் அது பழகிப்போகும் என்பது கணக்கு. பாதி வழியில் நின்றுவிட்டார். ஆலோசகர் அன்று காலையில்தான் மனைவியைப் போனில் அழைத்து, ஆள் வருவதே இல்லை, வீட்டில் எப்படி இருக்கிறார், சாமான்களை யாருக்காவது கொடுக்கிறாரா என்று கேட்டிருக்கிறாள். இல்லையே என்று இவள் சொல்லியிருக்கிறாள். ஏணியும் பூட்ஸும் போனது வீட்டில் இருந்தவளுக்குத் தெரியாது. கீழே உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்திருக்கிறது.

வீட்டில் அவர் கைக்கு எட்டக்கூடாததை எல்லாம் எடுத்துத் தன் கடையில் பூட்டிவிடலாம், அது பெரிய காரியமில்லை என்றாள். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் முடியவில்லை. நேராகக் கேளுங்கள் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறாள். மருந்துக்கடையில் எதிரே நிற்கிற முகம் தெரியாத ஆம்பளையிடம் மூலம் உள்ளேயா வெளியேயா என்று கூசாமல் கேட்கிறவள் அவள். வீட்டில் அவர் எதிரே நின்றால் நாக்கு திரும்பவில்லை. சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று பயம்.

“நீங்கதான் எல்லாரையும் எல்லாத்தையும் கேப்பீங்களே. தினமும் காலைல அவரு பக்கத்துலதானே உக்காந்து கார் ஓட்டறீங்க. கேளுங்கண்ணே.”

பாராட்டா, திட்டா என்று பிரித்துப் பார்க்க அது நேரமில்லை. சரி என்றேன்.

நான் கார் கற்றுக்கொள்வது என் ஆசையால் இல்லை. மாப்பிள்ளை வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது பழைய காரை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஒன்று ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதில் கோழியாவது வளருங்கள் என்று என் வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். ஆயுள் முழுக்கத் தையல் மெஷினை இரண்டு காலாலும் சேர்த்து மிதித்தவனுக்கு, கிளட்சுக்குத் தனிக்கால், மற்ற இரண்டுக்கும் தனிக்கால் என்பது பிடிபடவே இல்லை. வலது கால் இறங்கினால் இடது காலும் துணைக்கு இறங்கிவிடும். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நிற்கும். வேறு வாத்தியாராக இருந்தால் என்னைப் பாதியில் இறக்கிவிட்டிருப்பார். பட்டாளத்தார் குரலே உயர்த்தமாட்டார். “மறுபடி” என்பார். அவ்வளவுதான். அவர் பக்கத்தில் ஒரு தனி பிரேக் இருக்கிறது. அவர் கால் அதன்மேல் பட்டும் படாமல் இருக்கும். வலது கையை மட்டும் எப்போதும் தொடைக்குக் கீழே கொடுத்து அதன்மேல் உட்கார்ந்திருப்பார். எதிரே வண்டி வந்தால், யாருக்கும் கை காட்டி வழி விடாதீர்கள், அவரவர் பார்த்துப் போகட்டும் என்பார். அது சட்டமாக்கும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் கிடங்குகள் இருக்கிற தெருவில், ஆள் நடமாட்டமில்லாத நீளச் சுவரை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தபோது கேட்டேன். எத்தனை குடும்பத்து ரகசியத்தை எத்தனை லாகவமாகப் பிடுங்கியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஊசியில் நூல் ஏறவே இல்லை. வானிலையில் ஆரம்பித்து, தூக்கம் வருகிறதா என்று விசாரித்து, இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, கடைசியில் கேட்டே விட்டேன். “சார், மனசுல தப்பா ஏதாவது நினைப்பு வருதா?”

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். பிறகு, “தப்பா ஒண்ணும் இல்ல” என்றார். “செகண்டுக்கு மாத்துங்க.”

மருந்துக்கடைக்கே ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மாத்திரை அட்டை வெட்டுகிற கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். கடையில் நின்றவர்கள் நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று முறைத்தார்கள். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. படித்தவர்கள் போன் போட்டுக் கலங்கிக்கொண்டிருந்ததை, பத்தாவது தாண்டாத டெய்லர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டான் என்று நடக்கும்போது தோள் தானாக விரிந்தது.

அந்தப் பெருமைக்கு அன்று சாயங்காலமே தையல் பிரிந்தது. அவள் ஆலோசகரைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொல்ல, அந்தம்மா என்னிடம் பேச வேண்டும் என்றாளாம். போனை என் மேஜைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். ஜலதோஷம் பிடித்த இளம் குரல். அவர் என்னிடம் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் பார்த்ததை எனக்குச் சொல்லலாம் என்று ஆரம்பித்தாள். ஒருவழிப் பாதை. எனக்கு அது பிடிக்கவில்லை.

“என்ன வார்த்தை சொல்லிக் கேட்டீங்க சார்? அப்படியே சொல்லுங்க.”

சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவருக்கு அது தப்பாவே படலன்னா?” என்றாள். “சரின்னு பட்டிருந்தா, ‘தப்பா ஒண்ணும் இல்ல’ங்கறது உண்மையான பதில்தானே சார். கேட்டதுக்குப் பதில் சொல்லிப் பழகின மனுஷன். நீங்க கேட்டதுக்குச் சொல்லிட்டாரு.”

மருந்துக்கடைக்காரி என்னைப் பார்த்தாள். நான் ஊசிப் பெட்டியைப் பார்த்தேன். ஏதாவது பண்ணிக்கிறது, அப்படி இப்படி ஆகிறது, விபரீதமான முடிவு என்று நம்மிடம் அதற்கு ஆயிரம் போர்வை இருக்கிறது. எந்தப் போர்வையைத் தூக்கினாலும் அடியில் அவர் இல்லை. சாவு என்கிற வார்த்தையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்றாள் ஆலோசகர். கேட்டால் ஆசை காட்டினது மாதிரி ஆகிவிடாது, கேட்காமல் விட்டால்தான் அவர் அந்த வார்த்தையோடு தனியாக இருப்பார் என்றாள். ஆமாம் என்றால் வாதாடக்கூடாது, புத்தி சொல்லக்கூடாது, தனியாக விடக்கூடாது, கூட்டிக்கொண்டு வர வேண்டும். இன்றைக்கு ராத்திரி மனைவி பக்கத்திலேயே இருக்கட்டும், கொஞ்சம் மாறினாலும் உடனே அழைக்கட்டும். என்னை ஒருதரம் சொல்லிப்பார்க்கச் சொன்னாள்.

“செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சார்.”

சத்தமாகச் சொன்னேன். ஜாக்கெட் வாங்க வந்து வாசலில் நின்ற எதிர்வீட்டு அம்மா, அவசரமில்லை, அடுத்த வாரம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். மருந்துக்கடைக்காரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளையும் சொல்லச் சொன்னாள் ஆலோசகர். வாயைத் திறந்தாள். முதல் எழுத்துக்குப் பல் தெரிந்தது, அதோடு நின்றது. இன்னொரு தடவை முயன்றாள். பிறகு தலையை ஆட்டிவிட்டு, போனுக்குத் தலையாட்டல் தெரியாது என்று நினைவு வந்து, “வரல மேடம்” என்றாள்.

காலையில் அதே தெரு. இந்த முறை வானிலையைப் பேசவில்லை. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு, என் ஆயுளில் முதல் தடவையாகக் குலுங்காமல் மாற்றினேன். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

“சார், செத்துப் போகணும்னு நினைக்கிறீங்களா?”

வண்டி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

“இண்டிகேட்டர் போடுங்க” என்றார். போட்டேன். “கண்ணாடி.” பார்த்தேன். “ஓரமா எடுங்க. நியூட்ரல். ஹேண்ட் பிரேக்.” எல்லாம் செய்து முடித்து, சாவியைத் திருப்பி, வண்டி அடங்கிய பிறகு, அதே குரலில், அடுத்த பாடத்தைச் சொல்வது போல, “ஆமா” என்றார்.

எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்விகள் எல்லாம் தீர்ந்துபோயின. புத்தி சொல்லக்கூடாது என்று சொன்னவளை மனதுக்குள் திட்டினேன். வாய் நிறையப் புத்தி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது மாதிரி ஒரு தண்டனை கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிடங்குச் சுவரில் ஒரு பூனை நடந்து முடித்தது. அப்புறம் அவராகவே பேசினார். வரிசையாகப் போன பட்டாளத்து லாரிகளில் அவருடையது முதலாவது. ரேடியேட்டர் சூடாகிவிட்டது. ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்தவனுக்குக் கை காட்டினார், முன்னே போ என்று. அவன் நன்றி சொல்வது போல ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனான். சாலையில் புதைத்து வைத்திருந்த குண்டு அவனுக்குக் கீழே வெடித்தது. சொல்லி முடித்தபோது அவருடைய வலது கை தொடைக்குக் கீழே இருந்ததை, அன்றுதான் நான் உருப்படியாகப் பார்த்தேன்.

மருத்துவமனையில் கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்லச் சொல்வார்களாம். கையைத் தூக்குகிற இடம் வந்ததும் இவர் நின்றுவிடுவார். பதிவிலும் அங்கேதான் நிற்கும். கேட்டுக் கேட்டு அதே இடத்தில் போய் நின்றுகொண்டே இருப்பது எதற்கு, அந்தம்மாவின் நேரத்தை வீணாக்குவானேன் என்று போவதை விட்டுவிட்டார். “வீட்ல இவளுக்கும் என்னால ஒரு சுகமும் இல்ல. எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் சரியாத்தான் வருது டெய்லரண்ணே” என்றார். சரி என்கிற வார்த்தையை அவர் சொன்ன விதத்தில், நின்றிருந்த வண்டியின் பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன்.

“வீட்ல சொல்வீங்களா?” என்று கேட்டார்.

“சார், ஒரு விஷயம் எங்கிட்ட வந்தா அது எங்கிட்டயே நிக்குமா? குடியிருப்புல யாரக் கேட்டாலும் சொல்வாங்களே.”

“தெரியும்” என்றார். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரிஞ்சுதான் சொன்னேன்.”

அவர் எதிரிலேயே மருந்துக்கடைக்குப் போன் போட்டு, கடையை விட்டு மருத்துவமனைக்கு வந்துவிடச் சொன்னேன். ஆலோசகருக்கும் சொன்னேன். இடம் மாறி உட்காருங்கள், நீங்கள் ஓட்டுங்கள் என்று அவரிடம் சொன்னேன். தொடைக்குக் கீழிருந்து கையை அவர் எடுக்கவே இல்லை. “நீங்களே ஓட்டுங்க. நான் வழி சொல்றேன்” என்றார். நான் பெரிய சாலையை அதுவரை நடந்துதான் கடந்திருக்கிறேன். இரண்டு பேரில் யார் உயிருக்கு அதிக ஆபத்து என்று தெரியாத ஒரு பயணம் அது. வண்டி நாலு இடத்தில் நின்றது. பின்னால் வந்தவர்கள் என் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு விசாரித்தார்கள். ரவுண்டானாவில் ஒரு லாரிக்காரர் நின்று, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று எங்களுக்கு ஆட்டினார். நான் பட்டாளத்தாரைப் பார்த்தேன். அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் ஹாரன்கள் கூடின. லாரிக்காரர் பொறுமையிழந்து கையை இன்னும் வேகமாக ஆட்டினார்.

“போங்க” என்றார் கடைசியில், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற குரலில்.

போனேன். ஒன்றும் ஆகவில்லை. வெறும் ரவுண்டானா, நடுவில் வாடின பூச்செடிகள்.

மருத்துவமனைப் படியிலேயே ஆலோசகர் காத்திருந்தாள். நான் கற்பனை செய்திருந்ததைவிடச் சின்னப் பெண், சிவந்த மூக்கும் கசங்கின கைக்குட்டையுமாக. அவரிடம், வந்துட்டீங்களா என்று மட்டும் கேட்டு, நெடுநாள் பழகினவள் போல அவர் வேகத்துக்கு நடந்து உள்ளே கூட்டிப்போனாள். பாதிக் கதவு கண்ணாடியாக இருந்த அறை. வெளியே சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஒரு கிழவர் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் அவருடைய சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள். யார், எந்த ஊர், என்ன வியாதி என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவர் மனைவி வந்தாள். வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்ததில் தலைமுடி கலைந்திருந்தது. ஆலோசகர் வெளியே வந்து அவளிடம் ஏதோ தணிந்த குரலில் சொன்னாள். அவள் இல்லை இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதை மடித்து என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. அந்தக் கண்ணாடி எந்தத் தடிமனோ, ஒரு சத்தம் வரவில்லை. பட்டாளத்தார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். அவள் அவர் எதிரே போய் நின்றாள். அவள் தலை அவர் நெஞ்சு உயரம்தான். அவள் உதடு பிரிந்தது. மூடியது. மறுபடி பிரிந்தது. இந்த முறை, என் கடையில் முதல் எழுத்தோடு நின்ற கேள்வி நிற்காமல், ஒவ்வொரு எழுத்தாக அசைந்து முடிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் குனிந்து, சரியாகக் கேட்காதவர் செய்வது போலக் காதை அவள் வாயருகே கொண்டுபோனார். அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முன்னங்காலில் எம்பி, இன்னொரு முறை சொல்ல ஆரம்பித்தாள்.